சம்பள நோட்டு வைத்திருக்கிறீர்களா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் காரைக்குடியைச் சேர்ந்த தொழிலாளர் சட்ட வழக்கறிஞர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகிறார். 2009-லிருந்து மாலை நேரத் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றையும் நடத்துகிறார்.

கேள்வி: காரைக்குடி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்த நீங்கள் இப்போது பாதி நாளை வயரிங் வகுப்புக்கும் பூச்சு வேலை வகுப்புக்கும் கொடுத்துவிடுகிறீர்களாமே. வக்கீல் தொழில் சலித்துவிட்டதா?
– ஒரு மாணவி, காரைக்குடி

சலிக்கவில்லை அம்மா. இன்றும் வாரத்தில் மூன்று நாள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன். மீதி நாள் ஏன் வகுப்புக்குப் போனது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

1998. புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலை. மூட்டை தூக்குகிற ஒருவரை, கழன்ற பெல்ட்டை மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டும்போது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அவருக்கு அப்போது வயது 35, மாதம் 1,800 ரூபாய் கூலி. வழக்குப் போட்டோம். ஆலைத் தரப்பு கொடுத்த பதில் ஒரே வரிதான்: "இவர் எங்கள் ஆளே இல்லை. மச்சானுக்குச் சோறு கொண்டுவந்தவர், தானாகப் போய் எந்திரத்தில் கை வைத்தார்." வருகைப் பதிவேட்டைக் காட்டினார்கள். அதில் இவர் பெயர் இல்லை. பதினான்கு மாதம் அங்கே மூட்டை சுமந்தவருக்கு, சுமந்தார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நான் நடந்து நடந்து கடைசியில் ஆலை வாசல் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் கடன் நோட்டு வைத்திருந்தார். யாருக்கு எத்தனை டீ, எத்தனை வடை என்று பேர் வாரியாக எழுதி, சனிக்கிழமை ஆலையிலிருந்து காசு வாங்கியதும் கோடு போட்டு அடித்திருந்தார். பதினான்கு மாதமும் என் கட்சிக்காரர் பெயர் அதில் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டுதான் எங்கள் சாட்சி. கடைக்காரர் பயப்படாமல் வந்து கூண்டில் நின்றார். அவரை நான் மறக்க முடியாது.

எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியதில் நான்கு வருடம் ஓடியது. அப்புறம் ஜெயித்தோம். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதாகக் கணக்கு. கூலியில் 60 சதவீதம் 1,080 ரூபாய். அதை 35 வயதுக்கென்று சட்டம் தரும் பெருக்கு எண்ணான 197.06-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம். 63 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. ஒரு கையை இழந்த தச்சரின் வழக்கில், இனி அவரால் தச்சு வேலை செய்யவே முடியாது, ஆகவே இது முழு இயலாமை என்று உச்ச நீதிமன்றம் எழுபதுகளிலேயே சொல்லியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று வாதாடினேன். எடுபடவில்லை.

காசோலை வாங்கிய அன்று அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "வக்கீலம்மா, காசு வந்துருச்சு. இனி இவுக எந்த வேலைக்குப் போவாக?"

என்னிடம் பதில் இல்லை. அவர் அந்தப் பணத்தில் பெட்டிக்கடை வைத்தார். ஒரு வருடத்தில் மூடினார். அப்புறம் ஒரு பூட்டிய செட்டியார் வீட்டுக்குக் காவலாளியாகப் போய்விட்டார். அவருக்கு வேறு ஒரு கைத்தொழில் தெரிந்திருந்தால், முதல் நாளிலிருந்தே வேலைக்கு ஒரு தாள் கையில் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத வாரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சட்டம் படிக்கிற நீ இதைக் கவனித்திருப்பாய். தொழில் தகராறுச் சட்டம், 1947, பிரிவு 36-ஐ எடுத்துப் பார். சமரசப் பேச்சுவார்த்தையில் வக்கீல் ஆஜராக முடியாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் நிற்க முடியும். பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்துக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பணபலம் உள்ள தரப்பு பெரிய வக்கீலைக் கொண்டுவந்து அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நல்ல விதி. ஆனால் இதன் அர்த்தம் என்ன? அந்த மேசையில் தொழிலாளி தானே பேச வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய சங்கம் பேச வேண்டும். பேசத் தெரிந்தவரை முன்கூட்டியே தயார் செய்யாமல், பிரச்சினை வந்தபின் ஓடிவருகிற வக்கீலால் அங்கே ஒன்றும் ஆகாது.

அதனால்தான் 2009 சித்திரையில் என் அலுவலக மாடியில் பதினொரு பேரை வைத்து வகுப்பு தொடங்கினேன். எந்தத் தொழில் கற்க வந்தாலும் முதல் அரைமணி நேரம் 'தாள் பாடம்'. ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுப்போம். தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, யார் கையால் வாங்கியது என்று தினமும் எழுத வேண்டும். டீக்கடைக்காரர் எழுதியதைத் தொழிலாளி தானே எழுதட்டும் என்பதுதான் எண்ணம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் 14 வருடமாக வேலை செய்கிறார். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முதுகு வலி தாங்காமல் நிற்கப் போகிறார். மாதச் சம்பளம் இல்லாததால் கிராஜுவிட்டி கிடையாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, ஆத்தங்குடி

உண்மை இல்லை. என் அப்பாவும் அந்த வேலைதான் பார்த்தார். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கு மேல் சாந்தை அப்பி மட்டம் தட்டுவார். நாள் முழுதும் குனிந்தபடிதான். மறுநாள் தொட்டித் தண்ணீரில் இறக்குவதும் குனிந்துதான். நெருப்பே இல்லாமல் செய்கிற கல் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அந்தக் கல்லின் பளபளப்புக்குப் பின்னால் இருப்பது முதுகுதான். உங்கள் வீட்டுக்காரர் வலி எனக்குப் புரிகிறது.

கணக்கு இதுதான். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஓய்வு பெற்றாலும் சரி, தானே விலகினாலும் சரி, வருடத்துக்கு 15 நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கூலியை எடுப்பார்கள். உங்களவர் போல எண்ணிக்கைக் கூலி வாங்குபவருக்குக் கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியிலிருந்து எடுப்பார்கள். ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 7,500. பதினான்கு வருடத்துக்கு 1,05,000 ரூபாய்.

பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்திருக்க வேண்டும், இது முக்கியம். ஆனால் ஒருமுறை பத்துப் பேர் இருந்து சட்டம் பொருந்திவிட்டால், பிறகு எட்டாகக் குறைந்தாலும் பொருந்தும். "இப்போது ஆள் இல்லையே" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி தாள் விஷயம். சம்பளச் சீட்டு இருக்காது, தெரியும். முன்பணம் வாங்கியதை முதலாளி ஒரு நோட்டில் எழுதி இவரிடம் கையெழுத்து வாங்கியிருப்பாரே, அந்த நோட்டு வேலையில் இருந்ததற்குச் சாட்சி. ஜிபேயில் கூலி வந்திருந்தால் வங்கிக் கணக்குப் பட்டியலை எடுங்கள். பட்டறையில் ஆயுத பூஜைக்கு எல்லாரும் நின்று படம் எடுத்திருப்பீர்கள். வருடா வருடம் எடுத்த படங்களைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். ஆயுத பூஜைப் படத்தை வைத்தே ஒன்பது வருட வேலையை நான் நிரூபித்திருக்கிறேன். முதலில் எழுத்தில் கேளுங்கள். முதலாளி 30 நாளில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். பெரும்பாலும் எழுத்தில் கேட்டதுமே பேச்சுக்கு வருவார்கள். பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். சண்டை போட்டுத்தான் பிரிய வேண்டும் என்று இல்லை.

கேள்வி: இலவசச் சட்ட உதவி பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும்தானா? நான் ஆண், ஆலைத் தொழிலாளி.
– ஒரு வாசகர், கல்லல்

உங்களுக்கும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் தகுதியுள்ளவர்கள் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்று போகிற அந்தப் பட்டியலில் 'தொழிலாளி' என்றே தனியாக ஒரு வரி இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். தாலுகா அளவிலும் குழு இருக்கிறது. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீல் ஃபீஸ் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்து ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். ஆறு மாதம் 'ட்ரெய்னிங்' என்று சொல்லிச் சாப்பாடும் பஸ் காசும் மட்டும் தருகிறார்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நிற்கிறாள். கால் வீங்கிப் போகிறது. பயிற்சி என்றால் சம்பளம் கேட்க முடியாதா?
– ஒரு தாய், தேவகோட்டை

பயிற்சி நடத்துகிறவள் என்கிற முறையில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பயிற்சி என்ற நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு நம் மாநிலத்தில் பெண் பிள்ளைகளை எவ்வளவோ ஏமாற்றியிருக்கிறார்கள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கைக்கு வராது. அவர்களையும் 'பயிற்சியாளர்' என்றுதான் அழைத்தார்கள்.

சட்டத்தில் பயிற்சி என்றால் என்ன? 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் இருக்கிறது. அதன்படி பழகுநராக எடுத்தால் ஒப்பந்தம் எழுதி அரசிடம் பதிய வேண்டும். பாடத்திட்டம், கால அளவு, மாத உதவித்தொகை எல்லாம் அதில் இருக்கும். பழகுநர் முழுத் தொழிலாளி ஆக மாட்டார் என்பது சரிதான். ஆனாலும் விபத்து நடந்தால் இழப்பீடு அவருக்கும் உண்டு. உங்கள் மகளுக்கு அப்படி ஒரு பதிந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உதவித்தொகை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அவள் பழகுநரே அல்ல, அந்தக் கடையின் ஊழியர். கடை, நிறுவனங்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி முதல் நாளிலிருந்தே அவளுக்கு வர வேண்டும். ஆறு மாதம் சேலை மடிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். சேலை மடிப்பு ஒரு வாரத்தில் வந்துவிடும். மீதி இருபத்தைந்து வாரமும் அவள் செய்வது வியாபாரம்.

நிற்பதைப் பற்றி. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளா 2018-இலேயே கொண்டுவந்தது, அங்கே ஜவுளிக்கடைப் பெண்களே போராடி வாங்கியது. நம் பக்கம் சில கடைகளில் இருக்கை இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று என் மாணவிகள் சொல்கிறார்கள்.

மகளைத் தனியாகக் கேட்க விடாதீர்கள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். பெற்றோர் எல்லாரும் சேர்ந்து, கோபம் இல்லாமல், ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் அதே நகலோடு போங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். கடையில் ஆண் யாரேனும் தொந்தரவு செய்தால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடையில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எட்டு ஆட்களை வைத்துச் சிறு பட்டறை நடத்துகிறேன். உங்கள் வகுப்புக்குப் போய்வந்த பையன் சம்பளச் சீட்டு கேட்கிறான். இப்படியே சட்டம் சொல்லிக் கொடுத்தால் நாங்கள் ஒடிசா ஆட்களை வைத்துக்கொள்கிறோம். உள்ளூர் வேலையைக் கெடுப்பது யார்?
– ஒரு பட்டறைக்காரர், பள்ளத்தூர்

அண்ணே, உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. சிமெண்ட் விலையும் கரண்ட் கட்டணமும் என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் பையன் கேட்டது உங்களுக்கும் பாதுகாப்புதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நான் தொழிலாளி பக்கம் நின்ற ஒரு வழக்கில், முதலாளி 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்ததாகச் சொன்னார். ஒரு சீட்டும் இல்லை. என் கட்சிக்காரரை வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். வாங்கியது உண்மை என்றார். அப்படியானால் உள்ளே போய் அதைச் சொல்லுங்கள் என்றேன், சொன்னார், கழித்துக்கொண்டார்கள். அவர் மறுத்திருந்தால் அந்த முதலாளி அதை இரண்டாவது முறை கொடுத்திருக்க வேண்டும். எதிராளியின் மனச்சாட்சியை நம்பி ஏன் பட்டறை நடத்த வேண்டும்?

விபத்துக் கணக்கையும் சொல்கிறேன், பயமுறுத்துவதற்கு அல்ல. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயது ஆள் எந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டால், கூலியில் பாதி 7,500-ஐ அந்த வயதுக்கென்று சட்டம் தரும் எண்ணான 207.98-ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். எட்டு பேர்தான் என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. இதற்குக் காப்பீடு இருக்கிறது. பெயர்ப் பட்டியலும் கூலிப் பதிவேடும் வைத்திருப்பவருக்குத்தான் காப்பீடு சுலபமாகக் கிடைக்கும். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து பத்தானால் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவீர்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய்க்காரருக்கு நீங்கள் கட்டுவது மாதம் 487 ரூபாய் 50 காசு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பத்துப் பேர் உள்ள இடத்தில் நியமனக் கடிதமும் கொடுத்தாக வேண்டும்.

ஒடிசாப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அவர்களில் ஆறேழு பேர் வருகிறார்கள். தாள் பாடத்தை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். அவர்களும் நோட்டு எழுதுகிறார்கள்.

நம் ஊர் கணக்கு எழுதி வளர்ந்த ஊர், அண்ணே. ரங்கூனுக்கும் சைகோனுக்கும் வட்டிக்கடைப் பெட்டியடி வேலைக்குப் போனவர்கள் மூன்று வருடத் தவணைக்கு எவ்வளவு சம்பளம் என்று எழுதிக்கொண்டுதானே கப்பல் ஏறினார்கள்? கடையில் இருந்த ஆளுக்கு எழுதிய நாம் கல் ஊற்றுகிற ஆளுக்கும் எழுதலாம். அடுத்த வாரம் நானே பட்டறைக்கு வருகிறேன். ஒரு பக்கத்தில் முடிகிற கூலிப் பதிவேடு ஒன்றை உங்களுக்குப் போட்டுத் தருகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரிலும் இளைஞர்களுக்குப் பயிற்சி தொடங்க ஆசை. பணம் கொடுக்க வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் தயார். எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகர், குன்றக்குடி

நீங்கள் குன்றக்குடியிலிருந்து இதைக் கேட்பது எனக்குச் சந்தோஷம். மறைந்த அடிகளார் ஒரு மடத்தின் தலைவராக இருந்துகொண்டு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளையும் ஊர் மக்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கிராமத் திட்டம் போட்ட ஊர் அது. அந்த ஆய்வகமே இங்கு வந்தது எப்படி? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். பணம் கொடுக்க ஆள் இருப்பது நம் சீமைக்குப் புதிதல்ல. பணத்தை எதில் போடுவது என்பதில்தான் நான் தவறு செய்தேன், அதைச் சொல்கிறேன்.

2010-இல் நன்கொடை வந்ததும் நான் வெல்டிங் எந்திரம் வாங்கினேன். யாரையும் கேட்கவில்லை. வெல்டிங் என்றால் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பதினெட்டு பேர் கற்றார்கள். உள்ளூரில் மூன்று பேருக்குத்தான் வேலை கிடைத்தது. ஐந்து பேர் திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள், வெல்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆறு மாதம் அந்தப் பிள்ளைகளின் மாலை நேரத்தை நான் வீணாக்கினேன்.

அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தேன். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளைப் பழுது பார்த்து ஓட்டலாக மாற்றுகிறார்களே, அங்கே போய் என்ன வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விசாரித்தேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்து, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குகிற கை வேலை. தெரிந்த கொத்தனார்கள் எழுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் இருவரைத் தேடிப் பிடித்தோம். "நாங்க என்ன வாத்தியாரா?" என்று தயங்கினார்கள். ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஒரு பழைய வீட்டுச் சுவரையே கரும்பலகையாக வைத்துக்கொண்டோம். அந்த வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஒருவர்கூட வேலை இல்லாமல் இல்லை. சாதாரணக் கொத்தனாரைவிடக் கூலியும் கூடுதலாக வாங்குகிறார்கள்.

ஆகவே முதல் மூன்று மாதம் எந்திரம் எதுவும் வாங்காதீர்கள். ஊரில் எத்தனை வீடு, யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பயிற்சி தரப் பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். உதவித்தொகை கொடுக்க வழி செய்யுங்கள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருகிற பையனுக்கு வகுப்பு இலவசம் என்பது மட்டும் போதாது, அன்று வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கேள்வி: மகனை மலேசியாவுக்கு அனுப்ப ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பத்தாவது பெயில்.
– ஒரு வாசகர், கோனாபட்டு

வேண்டாம் ஐயா. டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்தால் அங்குள்ள தொழிலாளர் சட்டம் எதையும் துணிந்து கேட்க முடியாது. கூலி தராவிட்டாலும் வாயைத் திறக்க முடியாது. பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கைக் கொண்டு முதலில் பத்தாவதை எழுதித் தேறட்டும். ஒரு தொழிலையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கேள்வி: கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போகிறேன். மாஸ்டர் கையில்தான் மொத்தக் கூலி போகும், அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வோம். எனக்கு வயது 52. எழுதப் படிக்கத் தெரியாது, இதைக்கூட என் பேத்திதான் எழுதுகிறாள். உங்கள் வகுப்பில் என்னைச் சேர்ப்பீர்களா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

கட்டாயம் வா தங்கச்சி. என் அம்மாவும் விசேஷ வீடுகளில் தேங்காய் துருவி, உளுந்து ஆட்டி, கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் ஊற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். இரவெல்லாம் அடுப்பில் நின்றுவிட்டு விடியற்காலையில் அவர் வாங்கி வந்த கூலி எவ்வளவு என்று அவருக்கே கணக்கு இருந்ததில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்கும் நோட்டு உண்டு. எங்களிடம் வருகிற ஒரு அம்மா, வேலைக்குப் போன நாளுக்கு ஒரு பானை வரைகிறார். இரவும் சேர்த்து வேலை என்றால் பானைக்குப் பக்கத்தில் பிறை. நூறு ரூபாய்க்கு ஒரு கோடு. மாஸ்டரிடம் அதைக் காட்டித்தான் போன ஆவணியில் விட்டுப்போன இரண்டு நாள் கூலியை வாங்கினார். மாஸ்டர் சண்டை போடவில்லை, அவருக்கும் மறந்துதான் போயிருந்தது.

சமையல் தொழிலாளர்களுக்கென்று அரசில் தனி நலவாரியம் இருக்கிறது. 18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். உனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறதே என்று தள்ளிப் போடாதே. அறுபது தாண்டி என்னிடம் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, புகைப்படம் கொண்டு வா. விண்ணப்பத்தைப் பேத்தியே கணினியில் போட்டுவிடுவாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்கு வகுப்பு. சமையலுக்குப் போன வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்து வா. அதில் தேதியும் ஊரும் அச்சாகி இருக்கும்.